நடுவில் ஷாக் வைத்த சைக்கிள்: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பாளையங்கோட்டைக்காரன். நாலு வருஷமாக ஒரு ஃபுல் சஸ்பென்ஷன் கிராஸ் கன்ட்ரி சைக்கிள் வைத்திருக்கிறேன். குலுக்கலை வாங்கிக்கொள்ள முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கும் பின்னால் ஒரு ஷாக்கும் உண்டு, இரண்டு சக்கரமும் 120 மி.மீ. வரை மேலும் கீழும் அசையும். 29 அங்குலச் சக்கரம், எடை 13 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. கால்வாய்க் கரையிலும் வற்றிய குளத்திலும் இதை ஓட்டிப் போகையில் நிறுத்திக் கேட்கிறவர்கள் உண்டு. வாங்கலாமா என்று போனில் கேட்கிறவர்களும் உண்டு. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். சிலது டீக்கடைக் கேள்விதான். ஆனால் விவரமான கேள்விகள் பாதி அங்கிருந்துதான் வருகின்றன.

இது எத்தனை கியர்?

12. சொன்னதும் கேட்டவர் முகம் சப்பென்று ஆகிவிடும், அவருடைய அக்கா மகன் சைக்கிளில் 21 இருக்கிறதல்லவா! எண்ணிக்கையை விடுங்கள். 21 கியர் வண்டியில் பொதுவாக முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. அதன் மிக லேசான கியரில் முன்னால் 24 பல், பின்னால் 28. மிதியை ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் 0.86 சுற்று போகும். என் வண்டியில் முன்னால் ஒன்றே ஒன்று, 32 பல். பின்னால் 10 பல்லில் தொடங்கி 51 வரை. லேசான கியரில் மிதிக்கு ஒரு சுற்றென்றால் சக்கரம் 0.63 சுற்றுதான் போகும். செங்குத்தான குளத்தங்கரையிலும் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். வேகக் கியரிலும் குறைவில்லை. அதில் மிதிக்கு 3 சுற்று, இதில் 3.2. முன்னால் கியர் மாற்றும் சாமானே இல்லாததால் குலுங்கும் பாதையில் செயின் கழல்வதும் அபூர்வம்.

மோட்டார் எங்கே இருக்கிறது?

இல்லை. நடுவில் உருளையாகத் தெரிவது பேட்டரி அல்ல, காற்றும் கொஞ்சம் எண்ணெயும் அடைத்த ஷாக். தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாகத் தொடலாம். அதில் இருக்கும் நீலத் திருகை மட்டும் திருப்பிவிடாதீர்கள்.

கடையில் பத்தாயிரம் ரூபாய்க்கு நடுவில் ஸ்பிரிங் வைத்த சைக்கிள் விற்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானே?

பார்க்க ஒன்று மாதிரி இருக்கும். பாங்க் வாசலில் கண்ணாடிக் கதவைத் திறந்து விட்டால் மெதுவாக வந்து மூடும், கவனித்திருப்பீர்கள். உள்ளே ஸ்பிரிங்கும் இருக்கிறது, எண்ணெயும் இருக்கிறது. ஸ்பிரிங் கதவை இழுக்கிறது, எண்ணெய் சின்னத் துளை வழியாகப் போய் அந்த இழுப்பைத் தாமதப்படுத்துகிறது. எண்ணெய் இல்லாவிட்டால் கதவு படாரென்று அடிக்கும். பத்தாயிரம் ரூபாய் வண்டியில் பெரும்பாலும் ஸ்பிரிங் மட்டும்தான். அமுங்கிய வேகத்தில் திருப்பி உதைக்கும். மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கு அதை ஆட்டுவதிலேயே போய்விடும். எடையும் கூடுதல். அதே காசுக்கு நடுவில் ஒன்றும் இல்லாத சாதா சைக்கிள் வாங்கினால் அதைவிட நன்றாக ஓடும். இதைக் கடைக்காரர்கள் சொல்லமாட்டார்கள்.

கிராஸ் கன்ட்ரி என்றால் என்ன?

மலை சைக்கிளில் பல வகை. மலையிலிருந்து இறங்க மட்டும் உள்ள டவுன்ஹில் வண்டிக்கு 200 மி.மீ. வரை அசைவு இருக்கும், அதை மிதித்து ஏற்றுவது தண்டனை. கிராஸ் கன்ட்ரி என்பது ஏறவும் இறங்கவும் நெடுந்தூரம் மிதிக்கவும் செய்த லேசான வகை, 100 முதல் 120 மி.மீ. அசைவு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் முதன்முதலாகச் சேர்ந்தபோது நடந்தது இந்தப் போட்டிதான். அப்போது பின்னால் ஷாக் வைத்தால் எடை கூடுமென்று போட்டியில் ஓட்டுகிறவர்கள் தயங்கினார்கள். இன்று அந்தத் தயக்கம் போய்விட்டது.

திருநெல்வேலிக்கு எதற்கு மலை சைக்கிள்?

மலை மேற்கே இருக்கிறது, அங்கே நினைத்தபடி ஓட்ட முடியாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன். நான் இதை வாங்கியது மலைக்காக அல்ல, மாட்டுக் குளம்புக்காக.

குளம் வற்றும்போது பார்த்திருப்பீர்கள். தண்ணீர் சுருங்கச் சுருங்க எருமையும் மாடும் சேற்றில் இறங்கி நடக்கும். ஒவ்வொரு குளம்பும் கைமுட்டி ஆழத்துக்கு ஒரு குழி. பிறகு சித்திரை வெயில் அதைச் சுட்டு சிமெண்டாக்கிவிடும். ஒரு குளம் முழுக்க, கரையிலிருந்து மடை வரை, இந்தக் குழிதான். பின்னால் ஷாக் இல்லாத வண்டியில் பத்து நிமிஷம் போனால் மணிக்கட்டு விட்டுப்போகும். சீட் அடியிலிருந்து இடிக்கும், எழுந்து நின்றுகொண்டே மிதிக்க வேண்டும். ஷாக் உள்ள வண்டியில் பின்சக்கரம் தன்பாட்டுக்குக் குழியில் இறங்கி ஏறும், சீட் ஒரே மட்டத்தில் போகும். குனிந்து பார்த்தால் ஷாக்கின் தண்டு ஒரு விரற்கடை நீளத்துக்குத் தையல் மெஷின் ஊசி மாதிரி உள்ளே போய் வந்துகொண்டிருக்கும். நான் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருப்பேன். இந்தச் சுகம் ஒன்றுக்காகத்தான் இவ்வளவு செலவு.

அப்புறம் கால்வாய்க் கரை. தாமிரபரணிப் பாசனத்தில் கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய் என்று கரைக்குப் பஞ்சமில்லை. சேரன்மகாதேவியிலிருந்து பத்தமடைப் பக்கம் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், நடுவில் இரண்டு டயர் தடம். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பல இடத்தில் கரையை மண்ணும் கல்லும் கொட்டி அடைத்திருக்கிறார்கள், அங்கே பாதை முன்னைவிட முரடு. கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவத்துக்கும் தண்ணீர் ஓடும் மாதங்களில் கரையில் டிராக்டரும் ஆட்களும் இருப்பார்கள். இறங்கி வழிவிட்டு, ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போங்கள். அது அவர்கள் வேலைக்குப் போகும் பாதை, நாம் விளையாட வந்தவர்கள்.

அப்படியானால் ஹார்ட்டெயில் போதாதா?

ஹார்ட்டெயில் என்றால் முன்னால் மட்டும் ஃபோர்க், பின்னால் ஒன்றும் இல்லாத வண்டி. கால்வாய்க் கரைக்கும் செம்மண் சாலைக்கும் தாராளமாகப் போதும். கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நான் அதைத்தான் சொல்கிறேன். ஃபுல் சஸ்பென்ஷன் என்றால் கூடுதலாக ஒரு ஷாக், எட்டுப் பத்து பேரிங், அதற்கேற்ற பராமரிப்பு. மாசத்துக்கு இரண்டு ஞாயிறு ஓட்டுகிறவருக்கு அது தண்டச் செலவு. வாரம் மூன்று நாள், ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கரடுமுரடில் ஓட்டுகிறவர், அல்லது நாற்பதைத் தாண்டி இடுப்பு பேசத் தொடங்கியவர் யோசிக்கலாம். நான் இரண்டாவது வகையில் வந்தேன்.

என்ன விலை?

நான் பார்த்தவரை உருப்படியான புது வண்டி இரண்டு லட்சத்தை ஒட்டித் தொடங்குகிறது. கார்பன் ஃபிரேம் என்றால் நாலு, ஐந்து என்று ஏறும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, அந்த அளவுக்கு நல்லது. வண்டி விலையோடு ஷாக் பம்பு, ஹெல்மெட், டியூப்லெஸ் சாமான், அளவாக இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

டீக்கடையில் கேட்டால் நான் ‘ஒரு பழைய பைக் விலை’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். வீட்டில் சொன்ன விலையை இங்கே எழுத முடியாது.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம், என்னுடையதே அப்படித்தான். ஃபோர்க்கின் வழவழப்பான தண்டில் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுங்கள். நகம் எங்காவது மாட்டினால் அது கீறல். அந்த வழியாக எண்ணெய் வெளியேறும், தூசி உள்ளே போகும். அடுத்தது, சீட்டைப் பிடித்து வண்டியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். சக்கரம் தரையை விட்டு எழும் முன் ‘டொக்’ என்று ஒரு சின்ன இடைவெளி தெரிந்தால் பின்பக்க மூட்டில் இருக்கும் பிவட் பேரிங்கோ ஷாக் புஷ்ஷோ போயிருக்கிறது. பேரத்தில் அதைக் கழித்துக்கொள்ளலாம். கடைசியாக, ஷாக்கில் காற்று அடிக்கச் சொல்லி, அளவைக் குறித்துக்கொண்டு, மறுநாள் போய்ப் பாருங்கள். ஒரு நாள் பொறுக்க மாட்டேன் என்கிற ஆளிடம் வாங்க வேண்டாம். பிரேம் நம்பரையும் பில்லையும் கேட்பதில் கூச்சம் வேண்டாம், திருட்டு வண்டி கைமாறுகிற ஊர்தான் இதுவும்.

ஷாக்கில் எவ்வளவு காற்று வைக்க வேண்டும்?

இந்த வண்டியின் பாதி சூட்சுமம் காற்றில்தான். ஐந்து லட்சம் வண்டியில் காற்றைத் தப்பாக வைத்தால் பத்தாயிரம் ரூபாய் வண்டியைவிட மோசமாக ஓடும். நேரில் பார்த்திருக்கிறேன். ஒருவர் வாங்கி எட்டு மாதம் ஆகியும் கடையில் வைத்துக் கொடுத்த காற்றோடு ஓட்டிக்கொண்டிருந்தார். கடைக்காரர் 90 கிலோ, இவர் 58.

ஆரம்பத்துக்கு ஒரு கணக்கு. உங்கள் எடையைப் பவுண்டில் சொல்லுங்கள், அத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) பின் ஷாக்குக்கு. 70 கிலோ என்றால் 154 பவுண்டு, ஆகவே 154 பிஎஸ்ஐ. ஃபோர்க்குக்கு அதன் காலிலேயே ஒரு அட்டவணை ஒட்டியிருப்பார்கள். இது தொடக்கம்தான், முடிவைச் சொல்வது சேக். நாம் ஏறி உட்கார்ந்ததும் வண்டி எவ்வளவு தணிகிறது என்பதுதான் சேக்.

ஓட்டப் போகும் உடுப்பு, ஹெல்மெட், முதுகுப்பை, தண்ணீர் எல்லாவற்றோடும் ஏறுங்கள். வெறும் லுங்கியோடு வாசலில் வைத்து அளந்தால் இரண்டு மூன்று கிலோ கணக்கில் வராது. ஷாக்கை அசையாமல் பூட்டும் லாக்அவுட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஷாக் தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அதை மேலே சீல் வரை தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி உட்கார்ந்து, ஆட்டாமல் இறங்குங்கள். வளையம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். என் ஷாக்கின் தண்டு முழுவதும் அமுங்கினால் 45 மி.மீ. அதில் கால் பங்கு, அதாவது 11 மி.மீ. வந்தால் சரி. ஃபோர்க்கில் 120க்கு ஐந்தில் ஒரு பங்கு, 24 மி.மீ. கூட நகர்ந்தால் காற்று போதாது, குறைவாக நகர்ந்தால் காற்று அதிகம்.

பம்பைப் பற்றி ஒரு விஷயம். மாட்டியவுடன் முள் பத்து பிஎஸ்ஐ குறைத்துக் காட்டும், காற்று குழாயை நிரப்பப் போயிருக்கிறது. கழற்றும்போது ‘உஸ்’ என்று சத்தம் வரும், அது குழாயில் இருந்த காற்று, ஷாக்கிலிருந்து வந்ததல்ல. இந்த இரண்டும் தெரியாமல் ‘காற்று இறங்குது’ என்று நாலு தடவை அடித்தவர்களில் நானும் ஒருவன். காலியிலிருந்து அடிக்கும்போது ஐம்பது ஐம்பதாக ஏற்றி, இடையிடையே ஷாக்கைப் பத்துத் தடவை மெதுவாக அமுக்கி விடுங்கள். உள்ளே இரண்டு அறை இருக்கிறது, இரண்டும் சமமாக வேண்டும்.

வெயில் காலத்தில் இன்னொன்று. காலையில் 25 டிகிரியில் 160 வைத்துவிட்டு மத்தியானம் வண்டியை வெளியே போட்டு அது 45 டிகிரிக்குச் சூடேறினால் 170ஐத் தாண்டிவிடும். காலையில் ஓட்டுவதென்றால் காலையில் அளங்கள்.

பெட்ரோல் பங்கில் அடிக்கலாமா?

கூடாது. வால்வு பைக் டியூப் வால்வு மாதிரியேதான் இருக்கும், அதனால்தான் ஆசை வருகிறது. ஆனால் ஷாக்கின் காற்றறை ஒரு டம்ளர் அளவுகூட இருக்காது, பங்கு மெஷினின் ஒரே ஊதலில் அளவு எங்கோ போய்விடும். பின் ஷாக்குக்கு வேண்டிய அழுத்தம் பல மெஷினில் வரவும் வராது. 300 பிஎஸ்ஐ வரை போகும் ஷாக் பம்பு ஒன்று வாங்கினால் ஆயுசுக்கும் வரும்.

டயரில் எவ்வளவு? முள்ளுக்கு என்ன வழி?

70 கிலோ ஆளுக்கு, 2.3 அங்குல டியூப்லெஸ் டயரில் முன்னால் 20, பின்னால் 23 பிஎஸ்ஐ சுற்றிலும் வைத்துப் பாருங்கள். ‘கல்லு மாதிரி’ காற்று வைத்தே பழகிய ஊர் இது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு ‘காத்தே இல்லியே தம்பி’ என்பார்கள். சிரித்துவிட்டுப் போங்கள்.

முள்ளுக்கு வருகிறேன். உடைமரத்து வெள்ளை முள், சீமைக்கருவேல முள், தரையோடு படர்ந்த நெருஞ்சி, மூன்றும் சேர்ந்த நாடு நம்முடையது. டியூப் போட்டு ஓட்டினால் ஒரு குளத்தைக் கடக்கும் முன் இரண்டு பஞ்சர். இங்கே டியூப்லெஸ் கட்டாயம். டயருக்குள் ஊற்றும் சீலன்ட் பெரும்பாலும் ரப்பர் பால்தான், குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு மணத்திலேயே தெரியும். முள் குத்திய துளை வழியாகப் பால் வெளியே வந்து காற்றுப் பட்டதும் உறைந்து அடைத்துவிடும். ஒரு சக்கரத்துக்கு 100 மில்லி சுற்றி ஊற்றுங்கள். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் நம் வெயிலுக்கு இரண்டு மாதத்தில் பாதி காய்ந்துவிடும். சக்கரத்தைக் காதோரம் வைத்து ஆட்டினால் ‘களக் களக்’ என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் உள்ளே வெறும் ரப்பர் தோல்தான் மிச்சம்.

முள்ளைக் கண்டதும் பிடுங்கலாம், ஆனால் பிடுங்கிய கையோடு துளை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பிப் பிடியுங்கள், பால் அங்கே தேங்கி அடைக்கும். பெரிய கிழிசலுக்கு ரப்பர் திரி. அதுவும் நிற்காமல் டியூப் போட வேண்டி வந்தால், போடுவதற்கு முன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து டயருக்குள் ஒரு சுற்று தடவுங்கள். ஒடிந்து உள்ளே நிற்கும் முள்நுனிகளில் நூல் மாட்டும். விரலால் தடவினால் விரல் போகும். ஒருமுறை இப்படித் தடவி ஒரே டயரில் பதினோரு நுனி எடுத்தேன். இதைச் செய்யாமல் புது டியூப் போடுவதும் போடாமல் இருப்பதும் ஒன்றுதான்.

பனங்காட்டிலும் தேரியிலும் ஓடுமா?

பனங்காட்டில் நன்றாக ஓடும். ஆனால் கீழே விழுந்து கிடக்கும் மட்டையின் கருக்கு ரம்பப் பல். டயரின் பக்கவாட்டை அறுத்துவிடும், அதைச் சீலன்ட் அடைக்காது. அறுந்தால் பத்து ரூபாய் நோட்டை நாலாக மடித்து உள்ளே வைத்து டியூப் போட்டு வீடு வந்து சேரலாம்.

குதிரைமொழித் தேரி மாதிரி செம்மணல் மேடுகளில் ஓரத்து இறுகிய தடம் வரைக்கும் சரி, காற்றை 16க்கு இறக்கிக்கொண்டு போகலாம். நடுத்தேரியில் சக்கரம் புதையும், தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். ஷாக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மணலில் உதவாது, அதற்கு நாலு அங்குல டயர் போட்ட வேறு வகை வண்டி இருக்கிறது.

மழைக்காலத்தில்?

ஐப்பசி, கார்த்திகையில் செம்மண்ணும் சரளையும் உள்ள பக்கம் ஓட்டுங்கள். கயத்தாறு, கங்கைகொண்டான் பக்கத்துக் கரிசலில் மழை விட்டு இரண்டு நாளாவது இறங்காதீர்கள். இருபது அடிக்குள் மண் டயரில் அப்பி, பிரேமுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். அப்போது அழுத்தி மிதித்தால் பின் கியர் மாற்றியைத் தாங்கும் ஹேங்கர் ஒடியும். அது ஒடியவென்றே மெல்லிசாகச் செய்த துண்டு, பிரேம் உடையாமல் தான் உடையும். ஒன்று உபரியாகப் பையில் இருக்கட்டும்.

ஆனி, ஆடிக் காற்றில் ஓட்ட முடியுமா?

போகும்போது மேற்கே போங்கள், திரும்பும்போது மேல்காற்று தள்ளிவிடும். மாற்றிச் செய்தவர்கள் அங்கிருந்து பஸ் ஏறித் திரும்பி வந்திருக்கிறார்கள். முப்பந்தல், பணகுடி பக்கம் காற்றாலை வைத்தது சும்மா இல்லை.

பாபநாசம், மாஞ்சோலைக் காட்டுக்குள் ஓட்டலாமா?

கூடாது. களக்காடு, முண்டந்துறை இரண்டு சரணாலயத்தையும் சேர்த்து 1988இல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள், தமிழ்நாட்டில் முதலாவது அதுதான். பாபநாசத்திலும் மணிமுத்தாறிலும் சோதனைச் சாவடி உண்டு. அனுமதி இல்லாமல் காட்டுப் பாதையில் இறங்கினால் 1972 வனவிலங்குச் சட்டத்தில் வழக்கு வரும். சைக்கிள் சத்தமில்லாமல் போகும், அதுதான் ஆபத்தும். கரடியோ யானையோ நம்மைக் கவனிக்கும்போது நாம் ரொம்பக் கிட்டே போயிருப்போம். மணிமுத்தாறு அணைக்கட்டு வரை தார்ச்சாலையில் போய் வருவதே நல்ல ஓட்டம். கூந்தன்குளத்தில் தை முதல் ஆனி வரை பறவைகள் கூடு கட்டியிருக்கும், அந்தக் கரையையும் அப்போது விட்டுவிடுங்கள்.

தனியாகப் போகலாமா?

போகலாம், நானே அதிகம் தனியாகத்தான். ஆனால் நாய், பாம்பைவிட எனக்குப் பயம் கிணறு. உடைமரக் காட்டுக்குள் கைப்பிடிச் சுவர் இல்லாத தரைமட்டக் கிணறுகள் உண்டு, புல் மூடியிருக்கும். தெரியாத இடத்தில் முதல் தடவை வேகம் வேண்டாம், ஒற்றையடிப் பாதையை விட்டு விலகவும் வேண்டாம். மலையடிவாரத் தோட்டங்களில் பன்றிக்காகச் சிலர் திருட்டுத்தனமாக மின்வேலி போடுகிறார்கள். விடியும் முன் வயல் வரப்பில் இறங்காதீர்கள், தரையோடு ஓடும் கம்பி எதையும் தொடாதீர்கள்.

எப்படிக் கழுவுவது?

என் கதையைச் சொல்கிறேன். இரண்டாவது வருஷம் தேரிக்குப் போய்வந்த கையோடு, பைக்குக்கு வாட்டர் சர்வீஸ் செய்யும் ஒரு இடத்தில் நிறுத்தினேன். வேலைபார்க்கும் பையன் ஆசையாக, ஷாக் மூட்டு ஒவ்வொன்றிலும் துப்பாக்கி மாதிரிக் குழாயை வைத்து அடித்தான். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வண்டி பளபளவென்று வந்தது. மூன்றாவது வாரம் பின்னாலிருந்து கிறீச் சத்தம். பிவட்டைக் கழற்றினால் பேரிங்கில் கிரீஸ் இருந்த இடத்தில் செம்மண் குழம்பு. எட்டு பேரிங்கும் மாற்றினேன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, நான் சொல்லியிருக்க வேண்டும்.

வாளித் தண்ணீர், பழைய பனியன் துணி, பல் தேய்க்கும் பிரஷ், இவ்வளவு போதும். ஒவ்வொரு தடவை ஓட்டிவந்ததும் ஃபோர்க் தண்டையும் ஷாக் தண்டையும் மட்டும் துடைத்துவிடுங்கள். உவரி, இடிந்தகரை என்று கடலோரம் போனால் அன்றைக்கே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், உப்பு ஒரு ராத்திரி பொறுக்காது. செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசியைச் சேர்த்து அரைக்கும். மெழுகு வகை லூப் நம் வறண்ட மண்ணுக்குச் சரி.

நம்ம ஊர் சைக்கிள் கடையில் பழுது பார்ப்பார்களா?

பாதி வேலைக்கு அவர்களைவிட ஆள் இல்லை. நான் போகும் கடை அண்ணாச்சிக்கு அறுபது தாண்டிவிட்டது. என் வண்டியை முதலில் பார்த்தபோது, ‘என்னவே, நட்ட நடுவுல பம்ப வச்சிருக்கான்!’ என்றார். ஆனால் கோட்டம் விழுந்த சக்கரத்தைச் சுற்றவிட்டு, பிரேமோரம் கட்டைவிரலை வைத்து, ஸ்போக்கைத் தட்டிச் சத்தம் கேட்டே கால் மணி நேரத்தில் நேராக்கிவிடுவார். பேரிங்கும் உள்ளூரிலேயே கிடைக்கும். பேரிங் ஓரத்தில் எண் பொறித்திருக்கும், என் வண்டியில் 6902. அந்த எண்ணைச் சொன்னால் பம்புசெட் பேரிங் விற்கும் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள்.

ஷாக்கையும் ஃபோர்க்கின் உள்பாகத்தையும் மட்டும் உள்ளூரில் யாரிடமும் திறக்கக் கொடுக்காதீர்கள். பல ஷாக்குகளில் உள்ளே நைட்ரஜனை அதிக அழுத்தத்தில் அடைத்திருப்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பெட்டியில் போட்டுப் பெரிய நகரத்து சர்வீஸ் ஆளுக்கு அனுப்ப வேண்டும். ஃபோர்க்கின் கீழ்க்காலை மட்டும் கழற்றி எண்ணெய் மாற்றுவது 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை வரும் வேலை. அதை வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம், நான் முதல் தடவை மொட்டை மாடியில் ஒரு முழு ஞாயிறு எடுத்துக்கொண்டேன்.

பிரேக்குக்கு பைக் கடை ஆயில் ஊற்றலாமா?

இந்த வண்டியின் பிரேக் எண்ணெயில் வேலை செய்வது. லீவரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஷிமானோ கம்பெனி பிரேக் என்றால் மினரல் ஆயில்தான். பைக் கடையில் கிடைக்கும் டாட் 4ஐ அதில் ஊற்றினால் உள்ளே இருக்கும் சீல் உப்பி, முழு பிரேக்கும் குப்பைக்குப் போகும். வேறு சில பிரேக்குகள் டாட் ஆயிலில் ஓடுகிறவை, அவற்றில் மினரல் ஊற்றினாலும் அதே கதி.

14 வயதுப் பிள்ளைக்கு வாங்கித் தரலாமா?

வேண்டாம். ஆறு மாதத்தில் வளர்ந்துவிடுவான், அதற்குள் ஷாக்கை யார் அளப்பது? நல்ல ஹார்ட்டெயில் ஒன்று, டியூப்லெஸ் டயரோடு வாங்கிக் கொடுங்கள். மகள் என்றாலும் இதே பதில்தான்.

போகும்போது என்னென்ன எடுத்துப் போகிறீர்கள்?

டயருக்குக் கைப்பம்பு, ஒரு டியூப், ரப்பர் திரி, அதைக் குத்தும் ஊசி, ஆலன் கீ, 25ஆம் எண் டார்க்ஸ் (நட்சத்திர முனைச் சாவி), செயின் இணைப்பு, ஹேங்கர், பத்து ரூபாய் நோட்டு, துண்டு. குடிக்க மூன்று லிட்டர் தண்ணீர், மே மாதம் அதுவும் எட்டு மணிக்குள் தீரும். தின்ன கோவில்பட்டிக் கடலைமிட்டாய். ஷாக் பம்பை வீட்டிலேயே வைத்துவிடுவேன். ஒரு தடவை வழியில் காற்று இறங்கி ஷாக் அடிவரை உட்கார்ந்தபோது, லாக்அவுட்டை மூடிவிட்டு முன்பக்கமாகச் சாய்ந்து நின்றபடியே சீவலப்பேரியிலிருந்து மெல்ல மிதித்து வந்தேன். வால்வு மூடி கழன்று உள்ளே தூசி போயிருந்தது. அந்த மூடி இரண்டு ரூபாய்கூடப் பெறாது. இப்போது சட்டைப்பையில் ஒன்று எப்போதும் கிடக்கும்.